ஒட்டும் உறவும் - ஒரு பாட்டில் லேபிளின் வரலாறு

போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி. அமெரிக்காவில், ஓரிகன் மாநிலத்து போர்ட்லேண்டில் நான் இருக்கும் அபார்ட்மெண்ட் பாத்டப்பில் ஐம்பது சொச்சம் காலி பீர் பாட்டில்கள் முங்கிக் கிடந்தன. "அடப்பாவி, அத்தனையும் நீயே குடிச்சதா?"ன்னு கேக்காதீங்க மக்கா, பாதிக்கு மேல ஆபீஸ் நண்பர்கள் உபயம். நானும் ரூம்மேட்டும் வீட்டுலயே பீர் காய்ச்சிப் பாக்கறதுன்னு இறங்கியிருந்தோம். ஒரு தடவை காய்ச்சினா 5 கேலன், அதாவது சுமார் 19 லிட்டர். அதை அடைக்க 355 மில்லி பாட்டில் ஐம்பதுக்கு மேல வேணும். காசு குடுத்து புதுசு வாங்குவானேன், பழசையே கழுவிக்கலாமேன்னு கணக்கு போட்டோம். கழுவறது சுலபம். லேபிளை உரிக்கறதுலதான் தாவு தீர்ந்துபோச்சு.

அந்த நேரம் பாத்தா அம்மாகிட்டேருந்து வீடியோ கால் வரணும்?

"ஏல, என்னல அது அத்தன பாட்டிலு? ஊறுகா கம்பெனி வைக்கப் போறியா?"

"ஆமாம்மா, கிட்டத்தட்ட அப்படித்தான்." (ஊற வச்சிருந்தது உண்மைதானே :-))

"வெறுந்தண்ணில வராதுல. வெந்நில வாஷிங் சோடா போட்டு ராத்திரி பூரா ஊறப் போடு."

ஹார்லிக்ஸ் பாட்டில்ல பருப்பும், ஜாம் பாட்டில்ல கடுகும் போட்டு வச்சே குடும்பம் நடத்தினவங்க எங்கம்மா. சொன்னபடி செஞ்சேன். காலையில பாத்தா, பாட்டில்கள் மூணு ஜாதியா பிரிஞ்சு கிடக்கு.

முதல் வகை, ஜெர்மன் இறக்குமதி. லேபிள் தானா கழண்டு தண்ணியில மிதந்துக்கிட்டு இருந்துச்சு. பாட்டில் பளிச். ரெண்டாவது வகையில பேப்பர் ஊறி கூழாயிடுச்சு, பசை மட்டும் வழுவழுன்னு நின்னுச்சு, தேய்ச்சா வந்துச்சு. மூணாவது வகைதான் வில்லன். பிளாஸ்டிக் மாதிரி பளபளக்கும் லேபிள். ராத்திரி பூரா ஊறியும் மூலை கூட தூக்கலை.

ஒரே தண்ணி, ஒரே சோடா, ஒரே ராத்திரி. அப்புறம் ஏன் இப்படி? இன்ஜினியரிங் படிச்ச புத்தி சும்மா இருக்குமா? நோண்ட ஆரம்பிச்சேன். கடைசியில எனக்கு புரிஞ்சது இதுதான்: லேபிள் எப்படி ஒட்டியிருக்குங்கறதை வச்சே, அந்தப் பாட்டில் திரும்பி வரும்னு அதை அனுப்பினவன் எதிர்பார்த்தானா இல்லையான்னு சொல்லிடலாம்.

கொஞ்சம் பின்னாடி போவோம். கண்ணாடி பாட்டில் ஒரு காலத்துல சொத்து. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வசதியானவங்க தங்களோட பேரையோ சின்னத்தையோ கண்ணாடி முத்திரையா பாட்டில் மேலயே பதிச்சு வச்சுக்குவாங்க. ஒயின் தீர்ந்தா அதே பாட்டில்ல திரும்ப நிரப்பிக்கலாம். 18-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1845 வரை அங்கே கண்ணாடிக்கு வரி வேற இருந்தது. அப்புறம் வந்த பீர், சோடா கம்பெனிகளும் பேரை கண்ணாடியிலயே அச்சு வார்த்தாங்க. நம்ம கோலி சோடா பாட்டிலை நினைச்சுப் பாருங்க. 1872-ல் ஹிராம் காட் என்ற இங்கிலாந்துக்காரர் காப்புரிமை வாங்கின வடிவம் அது. பேரை கண்ணாடியிலயே வார்த்துட்டா உரிக்கிற பிரச்சனையே கிடையாது.

19-ஆம் நூற்றாண்டில் பீர் பாட்டிலுக்கு காகித லேபிள் வந்தது. 1876 ஜனவரி 1-ஆம் தேதி பிரிட்டனில் பதிவான முதல் வணிகச் சின்னமே ஒரு பீர் லேபிள் சின்னம்தான், பாஸ் கம்பெனியின் சிவப்பு முக்கோணம். 1882-ல் ஓவியர் மனே வரைந்த பாரிஸ் மதுக்கூட ஓவியத்தில், மேஜை மேல இருக்கற பாட்டில்ல அந்த முக்கோணம் தெளிவா தெரியும்.

இங்கேதான் பசைக்காரனுக்கு ஒரு சிக்கல். ஐஸ் தண்ணியில பாட்டில் கிடந்தாலும் லேபிள் கழண்டு வரக்கூடாது. ஆனா காலி பாட்டில் ஆலைக்குத் திரும்பினதும் கழுவுற மெஷின்ல உடனே வந்துடணும். ஒண்ணுக்கொண்ணு முரணான ரெண்டு ரெக்வயர்மெண்ட்! (நமக்கு தினமும் கிளையண்ட் குடுக்கற மாதிரியே இல்ல?) இதுக்கு கிடைச்ச அருமையான விடை கேசின். பால்ல இருக்கற புரதம், பனீர்ல இருக்கற அதே சமாச்சாரம். இந்தப் பசை குளிர்ந்த தண்ணியைத் தாங்கும், சூடான காரத்துல கரைஞ்சிடும். பாட்டில் கழுவற மெஷின்ல சுமார் 80 டிகிரி சூட்டுல காஸ்டிக் சோடா தண்ணி ஓடும். லேபிள் மொத்தமா உரிஞ்சு வந்துடும். அம்மா சொன்ன வாஷிங் சோடாவும் காரம்தான், காஸ்டிக் சோடாவோட சாது தம்பி. ஜெர்மனியில் இன்னைக்கும் பீர் பாட்டில் பெரும்பாலும் ஆலைக்குத் திரும்பிப் போய் மறுபடி நிரம்பி வருது. என் முதல் வகை ஏன் அவ்வளவு சமத்தா இருந்துச்சுன்னு இப்ப புரியுதா?

அமெரிக்காவுல கதை மாறினது 1935-ல். அந்த ஜனவரியில் வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்டில் க்ரூகர் கம்பெனி முதன்முதலா டின்ல அடைச்ச பீரை விற்பனைக்கு விட்டது. குடி, தூக்கிப் போடு. அதுக்குப் போட்டியா, திருப்பித் தர வேண்டாத குட்டைக் கண்ணாடி பாட்டில்களும் வந்துச்சு. அதே 1935-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஸ்டாண்டன் ஏவரி என்பவர், உரிச்சு ஒட்டற ஸ்டிக்கர் லேபிளை தொழிலாவே ஆரம்பிச்சார். ரெண்டுக்கும் நேரடி சம்பந்தம் கிடையாது. ஆனா பின்னாடி ரெண்டும் ஒரே பாட்டில்ல வந்து சேர்ந்துச்சு. திரும்பி வராத பாட்டிலோட லேபிள் கழுவினா வரணும்னு யாருக்கு என்ன அவசியம்? என் மூணாவது வகையோட பூர்வீகம் இதுதான்.

எல்லாரும் இதை சும்மா பாத்துக்கிட்டு இருக்கலை. வெர்மான்ட் மாநிலம் 1953-லேயே திரும்ப நிரப்ப முடியாத பாட்டில்ல பீர் விக்கத் தடை போட்டது. சாலையோரம் வீசின பாட்டில் உடைஞ்சு, தீவனத்துல கலந்து மாடுகளுக்கு ஆபத்தாகுதுன்னு விவசாயிகள் சொன்ன புகார் அதுக்கு ஒரு காரணம். 1957-ல் அந்தச் சட்டம் காலாவதியாச்சு. அடுத்து நான் இருக்கற ஓரிகன். ஆளுநர் டாம் மெக்கால் காலத்தில், 1971-ல் சட்டம், 1972 அக்டோபர் 1 முதல் அமல். சாதாரண பாட்டிலுக்கும் டின்னுக்கும் 5 சென்ட் டெபாசிட். ஆனா பல கம்பெனிகள் பொதுவா திரும்ப நிரப்பிக்கற பாட்டிலுக்கு 2 சென்ட் மட்டும். மறுபடி உபயோகிக்கற பாட்டிலுக்கு சலுகை! இருந்தும் கம்பெனிகள் மெல்ல மெல்ல அதைக் கைவிட்டுட்டாங்க. 2017-ல் டெபாசிட் 10 சென்ட் ஆச்சு. 2018-ல்தான் இங்கே மறுபடியும் நிரப்பற பாட்டில் திட்டம் ஒண்ணு ஆரம்பிச்சாங்க.

நடுவுல ஒரு கூட்டம் மட்டும் பாட்டிலைக் கைவிடவே இல்லை, வீட்டுல காய்ச்சறவங்க. 1933-ல் மதுவிலக்கு போனபோதும் வீட்டு பீருக்கு சட்ட அனுமதி கிடைக்கலை. 1978 அக்டோபரில் அதிபர் கார்ட்டர் கையெழுத்து போட்டதும் வழி பிறந்தது. பெரிய ஆலைகள் "திரும்பி வராதே"ன்னு அனுப்பி வைச்ச பாட்டிலை எல்லாம் இவங்க பாத்டப்ல போட்டு ஊற வைச்சாங்க.

சரி, மூணாவது வகையை என்ன பண்ணினேன்? அந்தப் பசை தண்ணிக்கும் காரத்துக்கும் மசியாது, சூட்டுக்கு இளகும். கொதிக்காத வெந்நீரை உள்ளே ஊத்தி, ஒரு ஓரத்தைக் கிளப்பி மெதுவா இழுத்தா முழுசா வருது. மிச்சப் பசைக்கு சமையல் எண்ணெயும் ஆப்பசோடாவும் குழைச்சு தடவி, அரை மணி கழிச்சு துடைக்கணும். அப்புறம் சோப்பு போட்டு நல்லா கழுவிடுங்க, எண்ணெய் மிச்சமிருந்தா பீர்ல நுரை நிக்காது.

இதை எல்லாம் எழுதறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. நான் ஆறாவது படிக்கும்போது தாமிரபரணி மணல்ல ஓடி விளையாடி, உடைஞ்ச பாட்டில் ஒண்ணை மிதிச்சேன். ஆறு தையல். வலது குதிகால்ல இன்னும் தழும்பு இருக்கு. வெர்மான்ட் மாடுகளைப் பத்தி படிச்சப்ப கை தானா அங்கேதான் போச்சு. 2022-ல் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலா வாங்கி, காலி பாட்டிலைத் தந்தா திருப்பிக் குடுக்க ஆரம்பிச்சாங்க. காட்டுல உடைச்சுப் போட்ட பாட்டில் யானைக் காலைக் கிழிக்குதுங்கற கவலைதான் அதுக்குப் பின்னாடி. வெர்மான்ட்ல மாடு, நீலகிரியில யானை, ஆத்தங்கரையில நான். திரும்பி வரணும்னு யாரும் நினைக்காத பாட்டில் யாரோ ஒருத்தர் கால்லதான் போய் முடியுது.

ஐம்பது பாட்டிலும் இப்ப நிரம்பி, மூடி போட்டு, அலமாரிக்குள்ள இருட்டுல உக்காந்திருக்கு. நேத்து அம்மா மறக்காம கேட்டாங்க: "ஊறுகா எப்படில வந்திருக்கு?"

"இன்னும் ரெண்டு வாரம் ஊறணும்மா."

டிஸ்கி: நம்ம ஊர்ல உரிமம் இல்லாம வீட்டுல பீர் காய்ச்சறது குற்றம். லேபிள் உரிக்கறது குற்றமில்லை. ஊறுகாய்க்காவது உரிங்க மக்கா :-)