விற்காத இசைத்தட்டுக்கு ஒரு நிபந்தனை

இசைத்தட்டின் உறையைத் திருப்பிப் பார்த்தால் ஒரு மூலையில் தயாரிப்பாளரின் பெயர் இருக்கும். அதை வாசிப்போர் குறைவு, நேயர்களே. அறுபதுகளின் பிற்பகுதியில் லண்டனில் வெளிவந்த நல்ல இசைத்தட்டுகள் பலவற்றில் அவ்விடத்தில் இருந்த பெயர் ஜோ பொய்ட்.

1942இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் பிறந்தவர் இவர். எலெக்ட்ரா கம்பனியின் லண்டன் அலுவலகத்தைத் திறக்க 1965இல் வந்தார். அந்த வேலை நீடிக்கவில்லை. 1966 டிசெம்பரில் நண்பரொருவருடன் யூ.எப்.ஓ. என்ற இசை மன்றத்தை ஆரம்பித்தார். அங்கு வாசித்த பிங்க் புளொய்ட் குழுவின் முதல் தட்டைத் தயாரித்தவரும் இவரே. ஆனால் குழுவை ஒப்பந்தம் செய்த ஈ.எம்.ஐ. கம்பனி, அடுத்த தட்டுகளுக்குத் தன் சம்பளத் தயாரிப்பாளரையே அமர்த்தியது. கிணறு வெட்டியவர் ஒருவர், தண்ணீர் அள்ளியவர் இன்னொருவர்.

பொய்ட் தமது விச்சீசன் நிறுவனத்தின் மூலம் பெயார்போட் கொன்வென்ஷன் முதலிய குழுக்களுக்கு முகாமையாளராகவும் தயாரிப்பாளராகவும் விளங்கினார். கலைஞனுக்காகப் பேரம் பேச வேண்டியவரே மேசையின் மறுபுறத்திலும் அமர்ந்திருக்கும் இந்த ஏற்பாடு எல்லார் கையிலும் நன்மை பயப்பதன்று. பொய்ட் அதை எவ்வாறு கையாண்டார் என்பதற்கு நிக் டிரேக்கின் கதையே சாட்சி.

டிரேக் கேம்பிரிட்ஜ் மாணவர். கூச்ச சுபாவமுடைய பாடகர். முதல் இசைத்தட்டுக்கு அமர்த்தப்பட்ட தொழில்முறை இசையமைப்பாளரின் வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. ஒலிப்பதிவு அனுபவமே இல்லாத தம் கல்லூரி நண்பர் ரொபேட் கேர்பியை அழைக்கலாமா என்று கேட்டார். பொய்ட் சம்மதித்தார். 1969இல் வெளிவந்த அத்தட்டில் ஒலிக்கும் வயலின் கோர்வைகள் பெரும்பாலும் அந்த மாணவர் எழுதியவை. விற்றதோ சில ஆயிரம் பிரதிகள்தாம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கடன்பட்டிருந்த விச்சீசனை ஐலன்ட் கம்பனிக்குக் கொடுத்துவிட்டு, பொய்ட் ஹொலிவூட்டுக்குச் சென்றார். அப்போது ஒரு நிபந்தனை விதித்தார்: டிரேக்கின் இசைத்தட்டுகளை விற்பனைப் பட்டியலிலிருந்து ஒருபோதும் நீக்கக்கூடாது. முதற்பதிப்போடு மறைந்துபோன நல்ல நூல்களைத் தேடி அலைந்தவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும்.

டிரேக் 1974இல், 26 வயதில் மறைந்தார். கால் நூற்றாண்டின் பின், 1999இல், வொக்ஸ்வாகன் மோட்டார் கார் விளம்பரமொன்றில் அவருடைய பாடல் ஒலித்தது. 'யார் இவர்?' என்று கேட்டுக்கொண்டு அமெரிக்க இளைஞர்கள் கடைக்குச் சென்றார்கள். தட்டுகள் அங்கே இருந்தன.