லாரி விபத்தும் சரக்கு நிறுவனத்தின் சட்டப் பொறுப்பும்: கட்டுப்பாடு யாரிடம்?

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் லாரி மோதிய வழக்கின் எம்.சி.ஓ.பி. (இழப்பீட்டு மனு) கட்டைப் பிரித்தால், எதிர்மனுதாரர் வரிசை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். முதலில் ஆர்.சி. புத்தகத்தில் பெயருள்ள உரிமையாளர், அடுத்துக் காப்பீட்டு நிறுவனம். அந்த லாரிக்கு லோடு கொடுத்த டிரான்ஸ்போர்ட் கம்பெனியும், விடிவதற்குள் குடோனில் சரக்கு இறங்கியாக வேண்டும் என்று நேரம் குறித்த விநியோக நிறுவனமும் அதில் இடம்பெறுவதில்லை. அவையும் பதில் சொல்லக் கடமைப்பட்டவை. புதுச் சட்டத்துக்குக் காத்திராமல், இருக்கும் சட்டத்தைக் கொண்டே அவற்றைப் பொறுப்பாக்கலாம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கை சொல்கிறது. விபத்து எண்ணிக்கையில் 64,105 என்ற கணக்கோடு தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என லாரித் தொழிலை நம்பியே ஊர்கள் வளர்ந்த மாநிலம் இது.

தொழிலின் அமைப்பைப் பார்த்தால் சிக்கல் விளங்கும். பெரிய டிரான்ஸ்போர்ட் கம்பெனிகள் ஏற்றி அனுப்பும் சரக்கெல்லாம் சொந்த லாரியில் போவதில்லை. ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவரிடமிருந்து, புக்கிங் ஆபீஸ் வழியாகவோ புரோக்கர் வழியாகவோ வண்டி பிடிக்கிறார்கள். வண்டி ஃபைனான்ஸில் இருக்கும். டிரைவருக்குப் பேட்டா கொடுப்பவர் உரிமையாளர். அதனால், 'டிரைவர் எங்கள் ஊழியர் இல்லை, உரிமையாளர் தனி ஒப்பந்தக்காரர்' என்று கம்பெனி எளிதாக ஒதுங்கிக்கொள்கிறது.

ஆனால் சரக்கு என்று வந்துவிட்டால் அதே கம்பெனியால் இப்படி ஒதுங்க முடியாது. 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, ஏற்றிய சரக்கு சேதமானால் அதை ஏற்றுக்கொண்ட நிறுவனமே பொறுப்பு. கவனக்குறைவு இருந்தது என்று சரக்குக்காரர் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆர்.சி.யில் குறித்த மொத்த எடைக்கு மேல் ஏற்றக் கூடாது என்ற தடையையும் அச்சட்டம் அந்நிறுவனத்தின் மீதே வைக்கிறது. ஒரே மோதலில் துணிப் பேல்கள் எரிந்து, சைக்கிளில் போனவரும் இறந்தால், பேல்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதில் குழப்பமில்லை. இறந்தவரின் மனைவிக்கு மட்டும் அந்தக் கதவு மூடியிருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வை நியாயப்படுத்த எந்தச் சட்டக் கொள்கையும் இல்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 168-ஆம் பிரிவு, காப்பீட்டாளர், உரிமையாளர், ஓட்டுநர் ஆகியோரில் யார் எவ்வளவு தர வேண்டும் என்று தீர்மானிக்கச் சொல்கிறது. ஆகவே உரிமையாளர் என்பதற்குள் யாரெல்லாம் அடங்குவர் என்பதே கேள்வி. ராஜஸ்தான் மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகம் வாடகைக்கு எடுத்து ஓட்டிய தனியார் பேருந்து விபத்துக்குள்ளான வழக்கில், 1997-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை தந்தது. டிரைவர் தங்கள் ஊழியர் அல்ல என்று கழகம் வாதிட்டது. வண்டியில் இருந்த நடத்துநர் கழகத்தின் ஆள். டிரைவர் அவர் சொற்படி ஓட்ட வேண்டியவர். எனவே வண்டியைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்த கழகமும் உரிமையாளர் என்ற வரையறைக்குள் வரும் என்றது நீதிமன்றம். அசாம் அரசு கையகப்படுத்திய வாகனம் பற்றிய 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் கட்டுப்பாட்டையே அளவுகோலாகக் கொண்டது.

2018-இல் உச்ச நீதிமன்றம், பதிவேட்டில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று அழுத்திச் சொன்னது உண்மை. ஆனால் அங்கே பிரச்சினை, பெயர் மாற்றாமல் கைமாறிக்கொண்டே போன வண்டி பற்றியது. பாதிக்கப்பட்டவர் ஒவ்வொரு வாங்குநரையும் தேடி அலையக் கூடாது என்பதே அத்தீர்ப்பின் அக்கறை. பதிவு உரிமையாளரை விடுவிக்காமல் சரக்கு நிறுவனத்தையும் கூடச் சேர்ப்பது அந்த அக்கறைக்கு முரணாகாது.

லாரியில் கம்பெனியின் நடத்துநர் யாரும் உட்கார்ந்திருப்பதில்லையே என்று கேட்கலாம். இது வலுவான ஆட்சேபம். ஆனால் இன்றைய நிலைமை அதற்குப் பதில் சொல்லிவிடுகிறது. ஜி.பி.எஸ். கருவியும் டிரைவரின் கைப்பேசியும் ஒவ்வொரு நிறுத்தத்தையும் கம்பெனிக்குச் சொல்லும்போது, தாமதத்துக்கு வாடகையில் பிடித்தம் என்று ஒப்பந்தம் இருக்கும்போது, அன்று நடத்துநர் செய்த வேலையை இன்று தொலைவிலிருந்தே செய்கிறார்கள்.

ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து மதுரை ஏறத்தாழ 460 கிலோமீட்டர். சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம் இந்தத் தூரத்துக்கு, 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில், மூன்று நாள் செல்லுபடியாகும் இ-வே பில் தருகிறது. நிறுவனமோ மறுநாள் காலைக்கே கேட்கிறது. முழு லோடோடு மணிக்குச் சராசரி 45 கிலோமீட்டர் வேகத்தில் போனால், டீ குடிக்க நிறுத்தாமலே பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்கு முன்பு டிரைவர் பகல் முழுவதும் குடோன் வாசலில் லோடுக்காகக் காத்துக் கிடந்திருப்பார். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம், நெடுந்தூர ஓட்டத்துக்குப் பத்து மணி நேரம் என்று வரம்பு வைத்தது. ஆனால் அது ஐந்து தொழிலாளர்களாவது உள்ள நிறுவனங்களுக்கே பொருந்தியது. அச்சட்டத்தை உள்வாங்கிய 2020-ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புத் தொகுப்பு அந்த எண்ணிக்கையைப் பத்தாக உயர்த்திவிட்டது. ஒற்றை லாரிக்காரரின் டிரைவர் அந்தத் தொகுப்பின் எல்லைக்கு வெளியே நிற்கிறார். தூக்கமின்றி ஓட்டும் நிலைக்கு அவரைத் தள்ளியவர் கணக்கிலேயே வருவதில்லை.

காப்பீடுதான் பணம் கொடுக்கிறதே, சரக்கு நிறுவனம் எதற்கு என்பது அடுத்த ஆட்சேபம். முதலாவதாக, காப்பீடு காலாவதியான வண்டி மோதினால், கடனில் ஓடும் ஒற்றை லாரிக்காரர் மீது பெறும் தீர்ப்பு பல குடும்பங்களுக்குக் காகிதமாகவே நின்றுவிடுகிறது. இரண்டாவது காரணத்தை நான் இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன். சரக்கு வாகனங்களுக்கான மூன்றாம் நபர் காப்பீட்டுப் பிரீமியம் வண்டியின் மொத்த எடையை வைத்தே நிர்ணயமாகிறது. டிரைவரை இரவெல்லாம் விரட்டும் நிறுவனத்தின் லோடை ஏற்றும் லாரிக்கும், ஓய்வு கொடுத்து அனுப்பும் நிறுவனத்தின் லாரிக்கும் ஒரே பிரீமியம். விரட்டுவதால் வரும் லாபம் ஒருவருக்கு; அதனால் விளையும் நஷ்டம் காப்பீட்டுக் கட்டணம் செலுத்தும் எல்லோருக்கும். தீர்ப்பாயம் சரக்கு நிறுவனத்தின் மீதும் ஒரு பங்கைச் சுமத்தினாலொழிய இந்தக் கணக்கு மாறாது.

வாடகை உயரும் என்பார்கள். உயரட்டும், மலிவான வாடகையின் ஒரு பகுதியை இன்று சாலையில் நடப்பவர்கள் உடம்பால் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். குற்றவியல் சட்டம் டிரைவரோடு நின்றுவிடுகிறது. அதனால்தான், விபத்தில் மரணம் விளைவித்துவிட்டுத் தகவல் சொல்லாமல் தப்பிச் செல்லும் ஓட்டுநருக்குத் தண்டனையைக் கூட்டும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் வட மாநில லாரி ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்திப் போராடியதில் நியாயம் இருந்தது.

இழப்பீட்டு வழக்கு நடத்தும் வழக்கறிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் தகவல் அறிக்கையோடும் ஆர்.சி. நகலோடும் நின்றுவிடாதீர்கள். அந்த லோடின் ஜி.சி. நோட்டு (சரக்கு ஒப்புகைச் சீட்டு), இ-வே பில், சுங்கச்சாவடிகளின் ஃபாஸ்டாக் நேரப் பதிவு, ஜி.பி.எஸ். தரவு ஆகியவற்றை அழிவதற்கு முன்பே தீர்ப்பாயத்தின் மூலம் வரவழையுங்கள். சரக்கை அனுப்பியவர் யார், எத்தனை மணிக்குக் கேட்டார், டிரைவர் எத்தனை மணி நேரம் கண்விழித்திருந்தார் என்பதற்கான சான்று அங்கேதான் இருக்கிறது.