பத்துமலைப் பாறைகளும் பொதுவழி உரிமையும்

பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயருக்குச் செங்கற்களம் என்பது பொருள். 1881ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெருந்தீயும், அதே ஆண்டின் இறுதியில் பெருவெள்ளமும் கோலாலம்பூரை அழித்தன. மரத்தாலும் அத்தாப்பாலும் கட்டப்பட்ட வீடுகள் இனி நிலைக்கா என்றுணர்ந்த ஆட்சியினர், கல்லாலும் ஓட்டாலும் நகரை மீண்டும் எழுப்ப முனைந்தனர். அதற்குரிய செங்கல் இவ்விடத்துக் களிமண்ணிலிருந்து அறுக்கப்பட்டது. சூளைகள் அணைந்தபின் இரயில்வே பணிமனைகளும் ஊழியர் குடியிருப்புகளும் இங்கே தோன்றின. தமிழர் பெருந்தொகையாகக் குடியேறினர். கோயில்களும் பள்ளிகளும் எழுந்தன. நகரை உருவாக்கிய அந்தக் களிமண் இன்று இல்லை. அது நகரின் சுவர்களுக்குள் புகுந்து மறைந்துவிட்டது. பெயர் மட்டுமே எஞ்சி நிற்கின்றது.

கோலாலம்பூருக்கு வடக்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பத்துமலைக்கும் இந்நிலை நேர்ந்திருக்கக்கூடும். தமிழ்ச்செவிக்கு எண்ணுப்பெயராக ஒலிக்கும் 'பத்து' என்பது மலாய்மொழியில் கல்லைக் குறிக்கும். ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகள் பழைமை வாய்ந்த சுண்ணாம்புக்கல் மலை இது. நகரம் வளர வளரக் கல்லின் தேவையும் வளர்ந்தது. செங்கற்களத்தில் மண் தீர்ந்ததுபோல் கல்மலையில் கல் தீர்ந்திருந்தால், பெயர் மட்டுமே எஞ்சிய ஊர்கள் இரண்டாகியிருக்கும். அவ்வாறு நேராமல் காத்தவர் யாவர், அவர்தம் முயற்சியால் திறந்த வழிகளை இனிக் காக்கவேண்டியவர் யாவர் என்பன எண்ணிப் பார்க்கத்தக்கவை.

இம்மலைக்குரிய முதல் வழிகளை அமைத்தவர்கள் தெமுவான் பூர்வகுடியினர். குகைகள் அவர்களுக்கு ஒதுங்குமிடமாக இருந்தன. 1860களில் சீனக் குடியேறிகள் வௌவால் எச்சத்தை உரமாக எடுக்க உள்ளே புகுந்தனர். 1878ஆம் ஆண்டில் அமெரிக்க இயற்கை ஆய்வாளர் வில்லியம் ஹோர்னடே வந்து கண்டபின் குகைகளின் புகழ் வெளியுலகில் பரவியது. பின்னர்க் கா. தம்புசாமிப் பிள்ளை இங்கே முருக வழிபாட்டைத் தொடங்கிவைத்தார். 1892ஆம் ஆண்டு முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகின்றது. 1920ஆம் ஆண்டில் குகைக்கு மரப்படிகள் அமைக்கப்பட்டன. பின்னர் அவற்றின் இடத்தை 272 சிமெண்டுப் படிகள் பெற்றன. ஒவ்வொரு சாராரும் தத்தம் தேவைக்கேற்ற வழியில் மலையை அணுகினர். அவ்வழிகளுக்கு நெடுங்காலம் ஆதாரமாக நின்றது வழக்கமே.

வழக்கத்தின் வலிமை எத்துணைக் குறைவானது என்பதைக் கல்லுடைப்புத் தொழில் காட்டியது. மலையின் ஒரு புறத்தில் காவடி ஏறுகையில் மறுபுறத்தில் வெடி வைத்துப் பாறை பிளக்கப்பட்டது. சாலைக்கும் கட்டடத்திற்கும் உரிய கல்லாக மலை தேய்ந்தது. குகையின் கூரை அதிருமே எனப் பக்தர்கள் கவன்றனர். குகைக்குள் வாழும் உயிர்கள் அழியுமே என இயற்கை ஆர்வலர் கவன்றனர். இம்மலையின் பெயரையே அறிவியற்பெயரில் தாங்கிய லிஃபிஸ்டியஸ் பத்துவென்சிஸ் என்னும் தொன்மைச் சிலந்தியை 1923ஆம் ஆண்டிலேயே அறிஞர் பதிவு செய்திருந்தனர். வழிபடுவோர் நோக்கமும் ஆராய்வோர் நோக்கமும் வேறாயினும் வேண்டுகோள் ஒன்றாயிற்று. 1980களின் தொடக்கத்தோடு கல்லுடைப்பு ஓய்ந்தது.

வெடியோசை அடங்கிய மலையைப் புதிய தலைமுறையொன்று நாடி வந்தது. கயிறும் இடைக்கச்சையும் பூண்டு செங்குத்துப் பாறையில் ஏறும் விளையாட்டினர் அவர்கள். திருக்கோயிலின் படிகள் தெற்கு நோக்கியவை. பாறையேறுவோர் மிகுதியும் நாடுவது டாமாய் எனப்படும் வடகிழக்குப் பக்கம். மலை முழுவதிலும் 160க்கும் மேற்பட்ட ஏற்றவழிகள் வகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பலவும் தரைமட்டத்திலேயே தொடங்குவதால் நகரவாசி ஒருவர் அரைநாள் ஓய்வில் வந்து ஏறித் திரும்பலாம். ஓர் ஏற்றவழியை அமைப்பது எளிய செயலன்று. தளர்ந்த கல்லை அகற்றி, துளையிட்டு, எஃகு ஆணிகளைப் பதித்து, துருவேறியவற்றைக் காலந்தோறும் மாற்றவேண்டும். இவ்வளவு உழைப்பும் தமக்குச் சொந்தமில்லாத பாறைமீது செலவிடப்படுகின்றது என்பதே இதன் தனித்தன்மை. இதன் இடர்ப்பாடும் அதுவே.

மலேசியக் கூட்டரசில் நிலம் மாநிலத்தின் அதிகாரத்திற்கு உட்பட்டது. மலை ஒன்றாகத் தோன்றினும் அதன் அடிவாரம் கோயில், நகராண்மைக் கழகம், தனியார், அரசு எனப் பலர் பொறுப்பில் பிரிந்து கிடக்கக்கூடும். ஏறத்தக்க பாறை எவருக்கும் எட்டுவதாயினும் அப்பாறைக்குச் செல்லும் பத்தடி நிலத்தில் ஒரு வேலி எழுந்தால் வழி அடைபடும். 2012ஆம் ஆண்டில் மலையருகே 29 மாடி அடுக்ககம் ஒன்றைக் கட்டும் திட்டம் கிளம்பியபோது கோயிலாரும் பொதுமக்களும் திரண்டு எதிர்த்தனர். மாநில அரசு அத்திட்டத்தை நிறுத்தியது. கல்லுடைப்புக் காலத்து ஒற்றுமை மீண்டும் பயன்பட்ட நிகழ்ச்சி இது.

பிறநாட்டு வரலாறும் இங்கே ஒப்பிடத்தக்கது. இங்கிலாந்தின் கிண்டர் ஸ்கௌட் மேட்டுநிலம் வேட்டைக்கென அடைக்கப்பட்டிருந்தது. 1932ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் தொழிலாள இளைஞர்கள் தடையை மீறி அங்கே நடந்தனர். ஐவர் சிறை சென்றனர். 1949ஆம் ஆண்டில் தேசியப் பூங்காக்கள், நாட்டுப்புற அணுக்கம் பற்றிய சட்டம் பிறந்தது. எனினும் நுழைவதற்கான உரிமை மட்டுமே முழு நீதியாகிவிடாது. அமெரிக்காவின் டெவில்ஸ் டவர் பாறை பழங்குடியினருக்குப் புனிதமானது. அவர்தம் சடங்குகள் நிகழும் சூன் மாதத்தில் பாறையேற்றத்தைத் தாமாகவே தவிர்க்குமாறு 1995ஆம் ஆண்டு முதல் வேண்டப்படுகின்றது; ஏறுவோருள் பெரும்பாலோர் இணங்கினர். ஆஸ்திரேலியாவின் உலூரு பாறையில் ஏறவேண்டாம் என அனாங்கு மக்கள் நெடுங்காலம் வேண்டினர். அவ்வேண்டுகோளைப் பலர் பொருட்படுத்தவில்லை. 2019ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் முதல் அங்கே ஏறுவது அறவே தடைசெய்யப்பட்டது. மதித்த இடத்தில் பதினொரு மாதங்கள் வழி திறந்திருக்கின்றது. மதியாத இடத்தில் வழியே மூடப்பட்டது.

பத்துமலைக்கு இவற்றிலிருந்து பெறத்தக்க பாடங்கள் தெளிவானவை. பாறையேறுவோர் தைப்பூசக் காலத்தையும் வழிபாட்டிடத்தின் அமைதியையும் மதித்தல் வேண்டும். குகைவாய்களிலும் அரிய செடிகள் வேரூன்றிய இடுக்குகளிலும் ஆணி அறைதலைத் தவிர்த்தல் வேண்டும். நிலப்பொறுப்பாளர்களும் பாறையேறுவோரை அத்துமீறுவோராகக் கருதாமல் காவலராகக் கருதுதல் வேண்டும். வாரந்தோறும் மலையைத் தொட்டுப் பழகுபவர்க்கே புதிய விரிசலும் புதிய வேலியும் முதலில் புலப்படும். எல்லாவற்றுக்கும் மேலாக, இன்று வாய்மொழி இணக்கத்தால் நடப்பவை எழுத்தில் உடன்படிக்கையாக வேண்டும். பொறுப்பாளர் மாறினும் எழுத்து மாறாது. வழக்கத்தை நம்பிய தெமுவான் மக்களின் வழிகள் என்னவாயின என்பதை எண்ணுவோர்க்கு இதன் இன்றியமையாமை விளங்கும்.

2010ஆம் ஆண்டு முதல் பிரிக்பீல்ட்ஸிலுள்ள கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையத்திற்கும் பத்துமலைக்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடுகின்றது. காவடி எடுப்பவரும் கயிற்றுச்சுருளைத் தோளில் மாட்டியவரும் அதில் ஒரே பெட்டியில் செல்லலாம். மலையடியில் இறங்கியதும் ஒருவர் தெற்கே படிகளையும் மற்றவர் வடகிழக்கே பாறையையும் நாடுவர். இருவரும் தத்தம் வழியில் ஏறுவதற்கு அங்கே இன்னும் ஒரு மலை நிற்கின்றது. வண்டி புறப்பட்ட ஊரில் மண் போய்ப் பெயர் எஞ்சியது. வண்டி சேரும் ஊரில் பெயரோடு கல்லும் எஞ்சியிருக்கின்றது. அக்கல்லையும் அதற்குச் செல்லும் வழியையும் வருந்தலைமுறைக்குக் குறைவின்றி ஒப்படைத்தல், அம்மலையால் பயன்பெற்ற அனைவர்க்கும் உரிய பொதுக்கடனாகும்.