டலூன் வந்த நாள்

2011 டிசம்பர் 29, வியாழக்கிழமை. அன்று ராத்திரி படுத்த சமோவாக்காரர்கள் விடிந்து பார்த்தால் சனிக்கிழமை! நடுவில் ஒரு வெள்ளிக்கிழமையையே காணோம். வேறொன்றுமில்லை, அரசாங்கம் தேதிக் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது. காரணம், சுத்தமான வியாபாரம். கொடுக்கல் வாங்கல் எல்லாம் ஆஸ்திரேலியா, நியூசிலாந்தோடு. அங்கே திங்கள்கிழமை ஆபீஸ் திறந்தால் இங்கே ஞாயிறு, எல்லாரும் சர்ச்சில். கட்டுப்படியாகுமா? 1892-ல் இதையே தலைகீழாகச் செய்திருந்தார்கள். அப்போது வியாபாரம் அமெரிக்கா பக்கம். அதனால் அந்த வருடம் அவர்களுக்கு ஜூலை 4 இரண்டு தடவை வந்தது.

ஃபிஜிக்கு வடகிழக்கே, உபோலு, சவாயி என்று இரண்டு பெரிய தீவுகள், சில்லறையாகச் சில குட்டித் தீவுகள். ஜனத்தொகை இரண்டு லட்சத்துச் சொச்சம். இதுதான் சமோவா. கிழக்கே, கூப்பிடு தூரத்தில் அமெரிக்க சமோவா. அதே ஜனம், அதே பாஷை. ஆனால் கொடி வேறு, தேதியும் ஒரு நாள் பின்னால்.

இந்தப் பாகப்பிரிவினைக்குக் காரணம், கொப்பரை. ஆமாம், நம்ம கொப்பரைதான். அந்தச் சொல்லே கேரளக் கரையிலிருந்து போர்ச்சுகீசியரோடு கப்பல் ஏறியது. சமோவாவில் ஜெர்மன் கம்பெனிகள் தென்னந்தோப்பு போட்டன. அமெரிக்காவுக்கு பாகோ பாகோ துறைமுகத்தின் மேல் கண். பிரிட்டன் சும்மா இருக்குமா? 1889 மார்ச்சில் மூன்று நாட்டுப் போர்க்கப்பல்களும் அபியா துறைமுகத்தில் முறைத்துக்கொண்டு நின்றன. சண்டை வருவதற்குள் புயல் வந்துவிட்டது. பிரிட்டிஷ் கப்பல் மட்டும் தப்பியது. கடைசியில் 1899-ல் மேற்கு ஜெர்மனிக்கு, கிழக்கு அமெரிக்காவுக்கு. பிரிட்டன் வேறு தீவுகளை வாங்கிக்கொண்டு ஒதுங்கியது. சமோவாக்காரர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1914-ல் உலகப்போர் தொடங்கியதும் நியூசிலாந்துப் படை வந்து, ஒரு குண்டுகூடச் சுடாமல் மேற்கு சமோவாவை எடுத்துக்கொண்டது. நிர்வாகி கர்னல் ராபர்ட் லோகன்.

1918 நவம்பர் 7. ஆக்லாந்திலிருந்து கிளம்பிய டலூன் கப்பல் அபியா வந்தது. கப்பலில் ஃப்ளூ காய்ச்சல். வழியில் ஃபிஜியில் அதைத் தனிமைப்படுத்தி வைத்திருந்தார்கள். அபியாவில்? நோயாளிகள் உட்பட எல்லோரையும் இறங்கிப் போகச் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். சில வாரங்களில் சுமார் 8,500 பேர் இறந்தார்கள். அன்றைய ஜனத்தொகையில் ஐந்தில் ஒருவருக்கும் மேல்! சவக்குழி வெட்ட ஆள் இல்லை. பெரிய பள்ளங்களில் மொத்தமாகப் போட்டு மூடினார்கள்.

கிழக்கே அமெரிக்க கவர்னர் ஜான் போயர், கப்பல்களைத் தடுத்து நிறுத்தினார். அங்கே ஒரு உயிர்கூடப் போகவில்லை. உதவி அனுப்பட்டுமா என்றும் கேட்டார். லோகன் அதை ஏற்கவில்லை. மனுஷனுக்கு என்ன கல் நெஞ்சோ!

ஒன்றைக் கவனியுங்கள். சமோவாவில் குடும்பம் என்றால் நான்கு பேர் அல்ல, ஒரு பெரிய வம்சம். அதற்குத் தலைவர் 'மாத்தாய்'. நிலம், பட்டம், பஞ்சாயத்து எல்லாம் அவர் பொறுப்பு. இன்றும் தேர்தலில் நிற்க மாத்தாய் பட்டம் வேண்டும். அப்படிப்பட்ட தலைவர்கள் கொத்துக் கொத்தாகப் போனார்கள். 1919-ல் விசாரணைக் கமிஷன் வந்தது, நிர்வாகத்தின் அலட்சியம் என்றது. என்ன பிரயோஜனம்? அடுத்த வருடம் உலக நாடுகள் சங்கம் அதே நியூசிலாந்திடமே தீவுகளை ஒப்படைத்தது.

ஓலாஃப் நெல்சன் என்றொரு வியாபாரி. அப்பா ஸ்வீடன்காரர், அம்மா சமோவா. பெரும் பணக்காரர். ஃப்ளூவில் அம்மாவையும் உடன்பிறந்தவர்களையும் பறிகொடுத்தவர். அவரும் மாத்தாய்களும் சேர்ந்து வளர்த்ததுதான் 'மாவ்' இயக்கம். வரி கட்ட மாட்டோம், உத்தரவுக்குப் பணிய மாட்டோம், ஆனால் கை ஓங்க மாட்டோம். அரசாங்கம் நெல்சனை நாடு கடத்தியது. 1929 டிசம்பர் 28, சனிக்கிழமை, அபியாவில் ஊர்வலம். கூட்டத்தில் ஒருவரைக் கைது செய்யப் போலீஸ் புகுந்தது. கைகலப்பு. துப்பாக்கிகள் வெடித்தன. ஜனங்களை அமைதிப்படுத்த முன்னால் வந்த தலைவர் டுபுவா தமாசேசே லியலோஃபி சுடப்பட்டு, மறுநாள் இறந்தார். பழிவாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். ஆண்கள் காட்டுக்குள் ஒளிந்துகொள்ள, பெண்கள் இயக்கத்தை நடத்தினார்கள்.

1962 ஜனவரி 1-ல், இருபதாம் நூற்றாண்டில் பசிபிக் தீவுகளில் முதலாவதாக விடுதலை வாங்கியது சமோவா. அரசின் தலைமையை ஏற்ற இருவரில் ஒருவர், தமாசேசே பட்டத்துக்கு அடுத்து வந்த மியாவோலே. இவர் நெல்சனின் மாப்பிள்ளையும்கூட.

2002 ஜூனில் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் அபியாவுக்கே வந்து மன்னிப்புக் கேட்டார். டலூனுக்கும் சேர்த்து. 84 வருடம் பிடித்தது.

2019-ல் தட்டம்மை பரவியது. முந்தின வருடம் தடுப்பூசியில் வேறு மருந்தைத் தவறாகக் கலந்ததில் இரண்டு குழந்தைகள் இறந்ததால், ஜனங்கள் ஊசி என்றாலே பயந்திருந்தார்கள். 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். ஊசி போடாத ஆள் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள். நர்சுகள் அந்தத் துணியைப் பார்த்துப் பார்த்து வீடு வீடாக ஏறினார்கள்.