என்ன அர்த்தம் என்கிற கேள்வி: ஒரு மாணவரின் அரூபப் படத்தை முன்வைத்து

1

ஜெர்மைன் துலாக் இயக்கிய ‘சிப்பியும் மதகுருவும்’ 1928இல் பாரிஸில் திரையிடப்பட்டது. கதையென்று சொல்லிவிட முடியாத மௌனப் படம். பிரிட்டிஷ் தணிக்கை வாரியம் அதைப் பார்த்துவிட்டு எழுதிவைத்த குறிப்பு சினிமா வரலாற்றில் ரொம்பப் பிரசித்தம். படம் ஏறக்குறைய அர்த்தமே இல்லாத அளவுக்குப் புதிராக இருக்கிறது, அப்படி ஏதாவது அர்த்தம் இருக்குமானால் அது சந்தேகமில்லாமல் ஆட்சேபகரமானது. குறிப்பின் சாரம் இதுதான்.

இதைச் சொல்லிச் சிரிப்பது வழக்கம். ஆனால் சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை இது. தணிக்கையாளர் தனக்குப் புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்ட கையோடு தடையும் விதிக்கிறார். அதாவது ‘புரியவில்லை’ என்பது பார்த்தவரின் நிலையைப் பற்றிய தகவலாக அங்கே இல்லை. படத்தின்மீது சுமத்தப்பட்ட குற்றமாக இருக்கிறது. விளக்கம் சொல்லவேண்டிய பொறுப்பு முழுக்கப் படம் எடுத்தவருக்கு. பார்த்தவருக்கு ஒரு பொறுப்பும் கிடையாது.

தணிக்கையாளர் மட்டும்தான் இப்படி என்றும் சொல்ல முடியாது. பாரிஸில் முதல் திரையிடலின்போது சர்ரியலிஸ்டுகள் அரங்கிலேயே கூச்சல் போட்டு துலாக்கை வசைபாடினார்கள். திரைக்கதை எழுதிய ஆர்த்தோவின் கனவைப் பெண் இயக்குநர் கெடுத்துவிட்டார் என்பது அவர்கள் வாதம். மேலிருந்து தடை, பக்கத்திலிருந்து வசை. இரண்டு தரப்புக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான். திரையில் என்ன ஓடியது என்று இரு தரப்பும் பேசவில்லை.

நம் ஊரில் காட்சித் தொடர்பியல் மாணவர் ஒருவர் ஆறு நிமிட அரூபக் குறும்படம் ஒன்றைத் திரையிட்டுவிட்டு, விளக்கு போட்டதும் கைகளைப் பிசைந்துகொண்டு முன்னால் வந்து நிற்கிறாரே, அப்போது நாம் சொல்லுவதெல்லாம் இந்த வரலாற்றின் தொடர்ச்சிதான். பெரும்பாலும் மூன்று குரல்கள் எழும். “தம்பி, ஒண்ணுமே புரியல.” “தோழர், இதுக்கும் ஜனங்களுக்கும் என்ன சம்பந்தம்?” “பிரமாதம், டார்க்கோவ்ஸ்கி மாதிரியே இருக்கு.” முதல் இரண்டும் தண்டனை, மூன்றாவது பரிசு என்று தோன்றும். ஆனால் மூன்றும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன. படத்தைப் பார்க்காமலிருப்பதற்கு ஆளுக்கொரு வழி கண்டுபிடித்திருக்கிறோம்.

2

மாணவரின் அரூபப் படத்துக்கு வந்த எதிர்வினை ஒரு வாழ்க்கையையே திருப்பிவிட்ட நிகழ்வு ஒன்று உண்டு. 1930களின் நடுப்பகுதி, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம். நார்மன் மெக்லாரன் (1914–1987) அங்கே கலைப்பள்ளியில் உள்ளலங்காரம் படித்துக்கொண்டிருந்தார். ஆரம்பத்தில் கையில் கேமரா கிடையாது. ஓடித் தேய்ந்த பழைய வணிகப் படச்சுருளை வாங்கி, மேல்பூச்சைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, வெற்றுச் செல்லுலாய்டின்மீது நேரடியாக மையால் வரைந்து புரொஜெக்டரில் ஓட்டினார். கேமரா இல்லாத சினிமா என்று பிற்காலத்தில் கோட்பாடாகப் பேசப்பட்டதன் ஒரு வேர் இப்படி இல்லாமையில்தான் இருக்கிறது.

1935இல் அவர் எடுத்த இரண்டு படங்கள் ஸ்காட்லாந்து அமெச்சூர் திரைப்பட விழாவுக்குப் போயின. ஒன்று, கலைப்பள்ளியின் கிறிஸ்துமஸ் நடன விருந்தைப் பற்றிய ‘கேமரா மேக்ஸ் வூப்பி’. கேமராவால் என்னென்ன வித்தை காட்ட முடியுமோ அத்தனையும் அதில் உண்டு. மற்றது ‘கலர் காக்டெய்ல்’ என்ற அரூபமான வண்ணப் படம். நடுவராக வந்தவர் ஜான் கிரியர்சன். ‘டாக்குமெண்டரி’ என்ற சொல்லை 1926இல் ஒரு விமர்சனத்தில் எழுதிப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர். மீனவர்களைப் பற்றி ‘டிரிஃப்டர்ஸ்’ (1929) எடுத்தவர். சினிமா சமூகக் காரியத்துக்கான கருவி என்று பிடிவாதமாக நம்பியவர். இன்றைய நம் அரங்குகளில் உட்கார்ந்திருந்தால் ‘ஜனங்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்’ என்று முதலில் எழுந்து கேட்டிருக்கக் கூடியவர்.

அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. வித்தைகள் நிறைந்த படத்தைச் சபையிலேயே கடுமையாக விமர்சித்தார். உத்திகள் ஏராளம், ஒழுங்கு இல்லை என்பது அவர் குறை. பரிசு போனது அரூபப் படத்துக்கு. அதோடு நிற்காமல், தான் தலைமை வகித்த பிரிட்டிஷ் தபால் துறையின் திரைப்படப் பிரிவில் சேர அந்த மாணவரை அழைத்தார்.

இந்தத் தீர்ப்பில் கவனிக்கவேண்டியது, கிரியர்சன் அடையாளம் தெரிகிற படம், அடையாளம் தெரியாத படம் என்று பிரிக்கவில்லை என்பது. நடன விருந்துப் படத்தில் ஆட்கள் தெரிகிறார்கள், இடம் தெரிகிறது. ‘புரிகிற’ படம் அதுதான். ஆனால் அங்கே கருவி தன்னையே காட்டிக்கொள்கிறது. ஒரு உத்தி முடிந்து இன்னொன்று ஏன் வருகிறது என்பதற்குக் காரணமில்லை. அவர் கேட்டது அர்த்தத்தைப் பற்றிய கேள்வி அல்ல, அவசியத்தைப் பற்றிய கேள்வி. இது ஏன் இதற்கு அடுத்ததாக வருகிறது என்று கேட்பது வேறு, இதன் பொருள் என்ன என்று கேட்பது வேறு. முன்னதற்குப் பதில் படத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டும். பின்னதற்கு இயக்குநர் மேடையேறி ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம்.

3

அந்த ஆண்டுகளில் உலகம் இருந்த இருப்பையும் பார்க்க வேண்டும். 1936 ஜனவரியில் ‘பிராவ்தா’ ஷோஸ்டகோவிச்சின் இசை நாடகத்தைத் தாக்கி எழுதியது. ‘உருவவாதம்’ என்ற சொல் சோவியத் கலைஞர்களின் தலைக்கு மேல் தொங்கத் தொடங்கியது. 1937இல் ஐசன்ஸ்டைனின் ‘பெஷின் புல்வெளி’ பாதியில் நிறுத்தப்பட்டது. ஜெர்மனியில் அரூபச் சலனப் படங்கள் எடுத்துவந்த ஆஸ்கர் ஃபிஷிங்கர் 1936இல் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். மறு ஆண்டே நாஜிகள் மியூனிக்கில் ‘சீரழிந்த கலை’ என்று கண்காட்சி வைத்து நவீன ஓவியங்களைக் கேலிப்பொருளாக்கினார்கள். ஒன்றையொன்று ஜென்ம விரோதியாகக் கருதிய இரண்டு அரசுகள், மக்களுக்குப் புரியாத கலை மக்களுக்கு விரோதமான கலை என்பதில் ஒருமித்திருந்தன. இரண்டையும் சமன்படுத்த இதைச் சொல்லவில்லை. ‘மக்களுக்குப் புரியாது’ என்று மக்கள் சார்பில் பேசுகிறவர் யார், அந்த அதிகாரம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இடதுசாரி மரபுக்குள்ளேயே தீர்க்கப்படாமல் கிடக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, அந்த ‘உருவவாதி’ மாணவர் என்ன செய்துகொண்டிருந்தார்? அதே 1936இல் சிற்பி ஹெலன் பிக்கருடன் சேர்ந்து ‘ஹெல் அன்லிமிட்டெட்’ என்ற போர் எதிர்ப்புப் படத்தை எடுத்தார். ஆயுத வியாபாரத்தின் கணக்குகளை வரைபடங்கள், பொம்மைகள், எழுத்துகள் வழியாக அடுக்கி, பார்ப்பவரை எதிர்ப்பில் இறங்கச் சொல்லும் படம். ஆண்டு இறுதியில் ஐவர் மாண்டேகுவுடன் ஸ்பெயினுக்குப் போய், பாசிஸ்டுகளின் முற்றுகையில் இருந்த மாட்ரிடில் ‘மாட்ரிடின் பாதுகாப்பு’ படத்துக்குக் கேமரா பிடித்தார். செல்லுலாய்டில் கோடு வரைந்த கையும் அதுதான், போர்முனைக்குக் கேமரா தூக்கிய கையும் அதுதான். அரூபம் ஒரு பக்கம், அரசியல் ஒரு பக்கம் என்று பாகம் பிரிப்பது விமர்சகரின் சௌகரியம்.

4

கிரியர்சனை மகானாக்க வேண்டாம். சேர்ந்த மாணவருக்கு அங்கே கிடைத்த வேலைகளில் ஒன்று லண்டன் தொலைபேசி விவரத் திரட்டு எப்படி அச்சாகிறது என்பதைக் காட்டும் ‘புக் பார்கெய்ன்’ (1937). இது பயிற்சியா, பழக்கப்படுத்தலா? இரண்டும்தான். அந்தத் தாராளம் ஏகாதிபத்தியத்தின் தபால் கஜானாவிலிருந்து வந்தது என்பதை மறக்கக் கூடாது. லென் லை 1935இல் செல்லுலாய்டில் நேரடியாக வண்ணம் தீட்டிய ‘எ கலர் பாக்ஸ்’ அபாரமான படம். அதன் கடைசியில் பார்சல் கட்டணம் குறைந்திருக்கிறது என்ற அறிவிப்பு வரும். அந்த அறிவிப்புதான் படத்துக்குக் காசு கொடுத்தது. புரவலர் கேட்ட கேள்வியும் ‘இதனால் எனக்கு என்ன பிரயோஜனம்’ என்பதுதான். லை அந்தக் கேள்விக்குக் கடைசிச் சில நொடிகளை வாடகையாகக் கட்டிவிட்டு மீதியைத் தனக்கு வைத்துக்கொண்டார்.

வாடகை கட்டினாலும் தப்ப முடியாது என்பதை 1938 காட்டியது. வான்தபாலை விளம்பரப்படுத்த மெக்லாரன் வரைந்த ‘லவ் ஆன் தி விங்’ படத்தில் கடிதங்கள் உருவம் மாறி மாறி ஒன்றையொன்று துரத்தும், தழுவும். தபால் துறை அமைச்சர் அதைத் தடுத்துவிட்டார். காமமும் ஃப்ராய்டும் அதிகமாம். பத்து வருஷத்துக்கு முன் அர்த்தமில்லை என்று பயந்தார்கள். இப்போது அர்த்தம் கூடிப்போயிற்று என்று பயப்படுகிறார்கள்.

1941இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்துக்கு மெக்லாரனை அழைத்ததும் கிரியர்சன்தான். அங்கேதான் 1952இல் ‘நெய்பர்ஸ்’ உருவாயிற்று. பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் வேலியருகே பூத்த ஒரு பூவுக்காக அடித்துக்கொண்டு சாகிறார்கள். உயிருள்ள நடிகர்களைப் பொம்மைபோல ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி எடுத்த படம். யுனெஸ்கோ வேலையாகச் சீனாவில் இருந்தபோது அங்கே நடந்த ஆட்சி மாற்றத்தை நேரில் கண்டவர். பிறகு கொரியப் போர். அதன் விளைவு இந்தப் படம். இதற்கும் கத்தரி விழுந்தது. வெறி முற்றி ஒருவர் மனைவி குழந்தையை இன்னொருவர் கொல்லும் பகுதி வெளிநாட்டு விநியோகத்துக்காக நீக்கப்பட்டது. வியட்நாம் போர்க் காலத்தில் அதே பகுதியைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார்கள். படம் மாறவில்லை, பார்ப்பவர்கள் மாறியிருந்தார்கள். ‘புரிதல்’ என்பது படத்துக்குள் பூட்டிவைத்த பண்டம் அல்ல, வரலாறுதான் அதைத் திறக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

5

இந்தியாவிலும் ஒரு சின்னச் சாளரம் திறந்தது. 1967இல் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்காக ஓவியர் ஹுசேன் எடுத்த ‘ஓவியனின் கண்களினூடே’ பெர்லினில் குறும்படத்துக்கான தங்கக் கரடி பெற்றது. பிரமோத் பதி ‘எக்ஸ்புளோரர்’ (1968), ‘அபித்’ (1972) எடுத்தார். பின்னதில் இருப்பது ‘நெய்பர்ஸ்’ படத்தின் உத்திதான். அரசாங்கச் செய்திப்பட நிறுவனத்துக்குள்ளிருந்தே இவை வந்தன.

ஓவியர் அக்பர் பதம்சி தனக்குக் கிடைத்த நேரு நல்கைப் பணத்தில் 1969இல் பம்பாயில் ஒரு பட்டறை தொடங்கினார். கருவிகளை வாங்கி ஓவியர்களுக்கும் திரைப்படக்காரர்களுக்கும் பொதுவில் வைத்தார். கோடுகளும் புள்ளிகளும் மட்டுமே நகரும் ‘சிசிஜி’ அங்கே உருவானது. அவருடைய இன்னொரு அரூபப் படமான ‘ஈவண்ட்ஸ் இன் எ கிளவுட் சேம்பர்’ பிரதி தொலைந்தே போனது. அதன் நினைவைத் தேடி 2016இல் அஷிம் அலுவாலியா ஒரு படம் எடுக்க வேண்டியிருந்தது. வசை வாங்கிய படமாவது ஆவணத்தில் இருக்கிறது. யாரும் எதுவும் சொல்லாத படம் தொலைந்தாலும் தெரிவதில்லை.

அந்தப் பட்டறைக்கு வந்தவர்களில் இளையவர் நளினி மலானி. ஜே.ஜே. கலைப்பள்ளியில் அப்போதுதான் படித்து முடித்தவர். அட்டை வீட்டு மாதிரிகள்மீது வண்ண ஒளிகளைப் பாய்ச்சி 1969இல் ‘டிரீம் ஹவுசஸ்’ எடுத்தார். ஏறக்குறைய அரூபப் படம். 1976இல் அதன் பக்கத்திலேயே, பம்பாய்க் குடிசைகளைப் பார்த்து நிற்கும் ஒரு பெண்ணின் கறுப்பு வெள்ளைப் படத்தை ஓடவிட்டு இரண்டையும் சேர்த்து ‘உட்டோபியா’ என்று பெயரிட்டார். நேருவின் நவீனக் கனவும் அது இடிந்த விதமும் இப்போது பக்கத்தில் பக்கத்தில். 1969இலேயே “இதுக்கும் ஜனங்களுக்கும் என்ன சம்பந்தம்” என்று கேட்டு அந்தப் பெண்ணை வாயடைக்கச் செய்திருந்தால்? சம்பந்தம் கிடைக்க ஏழு வருஷம் பிடித்தது. முதல் படம் இல்லாமல் இரண்டாவது படத்துக்கு நிற்க இடமே இல்லை.

6

அப்படியானால் எல்லாவற்றையும் பாராட்டிவிட வேண்டியதுதானா? இல்லை. கிரியர்சன் பாராட்டிக்கொண்டிருக்கவில்லை.

ஒரு மாணவர் கிழிந்த சுவரொட்டிகளை மட்டும் மிக அருகில் வைத்து ஆறு நிமிடம் எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முகம் தெரியாது, எழுத்து தெரியாது. நிறமும் கிழிசலும் பசையின் தடமும்தான். முதலில் நாம் பார்த்ததைச் சொல்லுவோம். மூன்றாம் நிமிடம் வரை கிழிசல்கள் இடமிருந்து வலமாக நகர்ந்தன. பிறகு நகர்வு நின்றது. சிவப்பு மெல்லக் குறைந்தது. இதைக் கேட்டாலே மாணவருக்குத் தெரிந்துவிடும், தான் செய்ததாக நினைத்தது திரைக்கு வந்திருக்கிறதா இல்லையா என்று. அரூபப் படத்துக்கும் விதி உண்டு. அதை முதல் நிமிடத்தில் படமே வகுத்துக்கொள்கிறது. அந்த விதி எங்கே முறிகிறது, முறிந்தது தெரிந்தா தெரியாமலா என்று அடுத்துக் கேட்கலாம். நான்காம் நிமிடத்தில் திடீரென்று வயலின் அழுகிறதே, பிம்பத்தின்மீது நம்பிக்கை போய்விட்டதா? இது கடுமையான கேள்விதான். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தவர் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி.

அரசியலையும் இங்கேதான் கேட்க வேண்டும். யாருடைய சுவர், யார் ஒட்டியது, யார் கிழித்தது என்பது வெளியிலிருந்து கொண்டுவரும் கேள்வி அல்ல. அந்தப் பசைத் தடத்திலேயே இருக்கிறது. மாணவர் அதைப் பார்த்திருக்காவிட்டால் நாம் காட்டலாம். வெறும் அழகாகப் பார்த்திருந்தால் அதையும் முகத்துக்கு நேரே சொல்லலாம்.

சொல்லோடு நிறுத்திக்கொள்ளவும் கூடாது. கிரியர்சன் வேலை கொடுத்தார். பதம்சி கருவியைப் பொதுவில் வைத்தார். நம்மிடம் கஜானா இல்லை. ஆனால் ஒரு திரையும் இருபது நாற்காலியும், பத்திரிகையில் இரண்டு பக்கமும் இருக்கின்றன. அடுத்த படத்தைக் காட்ட நாள் குறிப்பதும் ஒரு விமர்சனம்தான்.

1959இல் ‘எழுத்து’ தொடங்கிய நாளிலிருந்து ‘புரியவில்லை’ என்ற அடியை வாங்கி வாங்கி வளர்ந்தது நம் சிறுபத்திரிகை மரபு. கவிதைக்கு எதிராக அந்தச் சொல் வந்தபோதெல்லாம் வாசகர் உழைக்க வேண்டும் என்று வாதாடினோம். இப்போது அதே சொல்லை ஒரு மாணவரின் படத்துக்கு எதிராக நாம் எடுக்கிறோம். கவிதைக்காகக் கேட்ட உழைப்பில் ஆறு நிமிடத்தை இந்தப் படத்துக்கும் தரலாம். விளக்கு போட்டதும் வாயைத் திறக்காமல், “இன்னொரு தடவை போடுங்க” என்று சொல்வதிலிருந்து அதைத் தொடங்கலாம்.