வசவான ஒரு சொல்

ஆங்கிலேயன் நீதிமன்றத்திலே சத்தியம் செய்வதையும் சாராயக் கடையிலே ஏசுவதையும் ஒரே சொல்லாற் குறிக்கிறான். தமிழிலோ சூள் வேறு, வசை வேறு. நமக்கு அந்தக் குழப்பமில்லை என்று பெருமை பேசலாம். ஆனால் தெருச் சண்டையிலே மலிந்து கிடக்கும் ஒரு வசவின் பிறப்பைத் தேடிப் போனால், அது கோயிலிலே கடவுள் முன் செய்த சூளிலே கொண்டுபோய் நிறுத்துகிறது!

தேவரடியார்! தேவரின் அடியவர் என்பதே பொருள். சோழர் கல்வெட்டுகள் மரியாதையுடன் பொறித்த பெயர். 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். ஆளுக்கொரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். அவர்தம் பெயர்களைக் கல்லிலே இன்றும் படிக்கலாம். கோயிலுக்கே கொடை தந்த தேவரடியாரும் உண்டு, கையேந்தி நின்றவரல்லர்.

பின்னாளிலே நடந்ததென்ன? சிறுமியின் கழுத்திலே கடவுள் பெயரால் பொட்டு! சூளுரைத்தவர் பெரியோர், கட்டுண்டவளோ சூள் இன்னதென்றே அறியாதவள். கணவன் கல், காவலுக்கு வரவில்லை. காசுள்ளவன் வந்தான். வந்தவன் பெரிய மனிதனாகவே வீடு திரும்பினான். அவள் பெயர் வசவாயிற்று. பொட்டுக் கட்டியவனுக்கும் பொருள் கொடுத்தவனுக்கும் அப்படியொரு வசவு ஏன் பிறக்கவில்லை?

மயிலைக் கபாலீசுவரர் கோயிலில் ஆடிய கௌரி அம்மாளிடம் அபிநயம் கற்றவர் ருக்மிணி தேவி. அவர் 1936-இல் தொடங்கிய கலாக்ஷேத்திரம் அடையாற்றில் வளர்ந்தது. சதிர் என்ற பெயர் இழிவாம். 1930-களில் அது பரதநாட்டியமாயிற்று, அக்கிரகாரத்துப் பெண்களும் மேடையேறினர். ஆட்டத்துக்குப் புதுப்பெயர், ஆடிய குலத்துக்கோ பழைய வசவே பாத்தியம்!

அதே அடையாற்றில்தான் அவ்வை இல்லமும் இருக்கிறது. அதை நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் அன்னை சந்திரம்மாள் அக்குலத்தவர். சென்னைச் சட்டமன்றத்திலே 1927-இல் பொட்டுக்கட்டை ஒழிக்கத் தீர்மானம் கொணர்ந்தார் முத்துலட்சுமி. மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரோ ஊர்தோறும் பேசினார். 1936-இல் 'தாசிகள் மோசவலை' எழுதினார். சாத்திரம் காட்டி எதிர்த்தவர்கள் ஏராளம். சட்டம் வர 20 ஆண்டுகள் ஆயின: 1947.

சட்டம் பொட்டை அறுத்தது, நாவை எட்டவில்லை. இன்றும் ஒருவன்மேல் சினம் வந்தால் ஏசப்படுபவன் அவனல்லன். அங்கே இல்லாத அவன் தாய்.