குடத்துக்கு முன்னால் நடந்தவை: உத்தரமேரூர்ச் சபை விதிகளைத் திருத்திய வரலாறு

உத்தரமேரூர் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது ஒரு குடம். அதற்குள் ஓலைகள், அவற்றில் ஒன்றை எடுக்கக் கைநீட்டும் ஒரு சிறுவன். பள்ளிக்கூடத்து வரலாற்றுப் புத்தகத்தில் அறிமுகமாகும் இந்தச் சித்திரம், பிறகு மேடைப் பேச்சுகளில் 'உலகின் முதல் மக்களாட்சி' என்ற முழக்கமாக வளர்ந்துவிடுகிறது. முழக்கத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு அங்குள்ள இரண்டு கல்வெட்டுகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்போமானால், குடத்தைவிடச் சுவையான வேறொன்று கண்ணில் படுகிறது. ஓர் ஊர்ச்சபை தன் தேர்தல் விதிகளை எழுதுகிறது. இரண்டே ஆண்டுகளில் அவை போதவில்லை என்று கண்டு திருத்தி எழுதுகிறது. அந்தத் திருத்தத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உள்ள உத்தரமேரூர், பல்லவர் காலத்தில் அந்தணர்களுக்கு வழங்கப்பட்ட பிரமதேயம். உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் என்பது அதன் கல்வெட்டுப் பெயர். இங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டும் 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டும் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றின் காலம் முறையே கி.பி. 919, 921. 1898-இல் படியெடுக்கப்பட்ட இவற்றை முதன்முதலில் விரிவாக விளக்கியவர் கல்வெட்டறிஞர் வி. வெங்கய்யா. 1932-இல் வெளிவந்த தமது ஆய்வு நூலில் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார் இரண்டையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். இன்று நாம் இவற்றைப் பற்றி அறிந்திருப்பதில் பெரும்பகுதி அவ்விருவரின் உழைப்பால் கிடைத்ததே.

குடத்திலிருந்து ஓலை எடுக்கும் வழக்கம் பராந்தகன் காலத்தில் திடீரென்று தோன்றியதன்று. அகநானூற்றின் 77-ஆம் பாடலில் மருதனிளநாகனார் ஓர் உவமை சொல்கிறார். கயிற்றால் பிணித்த குடத்தின் இலச்சினையை ஆராய்ந்து, அதை உடைத்து, உள்ளிருக்கும் ஓலைகளை வெளியே எடுக்கும் ஆவண மாக்களைப் போல, பாலை நிலத்தில் வீழ்ந்து கிடக்கும் வீரரின் குடரைக் கழுகுகள் பிடுங்குகின்றனவாம். ஊர் நடைமுறை ஒன்று இவ்வளவு கொடிய காட்சிக்கு உவமையாகியிருப்பது வியப்புக்குரியது. கேட்போர் அனைவரும் அறிந்த நடைமுறையாக அது இருந்திருந்தால்தான் இந்த உவமை விளங்கியிருக்கும்.

சபைகள் தமக்கென விதி வகுத்துக்கொள்வதும் அதற்கு முன்பே இருந்த வழக்கம்தான். நெல்லைச் சீமையின் மானூரில், ஏறத்தாழ கி.பி. 800-ஐச் சேர்ந்த பாண்டியர் கல்வெட்டு ஒன்று உண்டு. சபையில் கலந்துகொள்ள யாருக்குத் தகுதி உண்டு என்று வரையறுத்துவிட்டு, வருகின்ற ஒவ்வொரு தீர்மானத்தையும் 'அன்று, அன்று' என்று மறுத்துக் காரியத்தைக் கெடுப்பவருக்கும் அவருக்குத் துணைபோவோருக்கும் ஐந்து காசு தண்டம் என்று அது விதிக்கிறது. அப்படி ஒருவர் சபையில் உட்கார்ந்திருந்து தொல்லை கொடுத்திராவிட்டால் இந்த விதிக்கு என்ன தேவை? ஊர்ச்சபைகளின் விதிகளைப் படிக்க இதுவே நல்ல வழி. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும், அதை எழுதவைத்த ஒரு தொல்லை இருக்கிறது.

இந்தக் கண்ணோடு 919-ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்கு வருவோம். ஊரின் அலுவல்களைக் கவனிக்க ஆண்டுதோறும் வாரியங்கள் அமைக்கப்பட வேண்டும். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இங்கே குடும்பு என்பது இன்றைய வார்டு போன்றது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையவர்களின் பெயர்கள் குடவோலைக்கு எழுதப்படுகின்றன. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, முப்பதுக்கு மேல் அறுபதுக்கு உட்பட்ட வயது, வேதக் கல்வி, காரியத்தில் தேர்ச்சி, பொருளிலும் உள்ளத்திலும் தூய்மை ஆகியவை தகுதிகள். கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவராகவோ, வாரியம் செய்து ஓய்ந்தவர்களின் நெருங்கிய உறவினராகவோ இருத்தல் கூடாது.

பார்வைக்கு இது போதுமான ஏற்பாடே. ஆனால் 921-இல் சபை மீண்டும் கூடுகிறது, விதிகள் திருத்தப்படுகின்றன.

முதல் மாற்றம் வயதில். முப்பது முதல் அறுபது என்றிருந்தது முப்பத்தைந்து முதல் எழுபது என்றாகிறது. அனுபவம் குறைந்தவர்களால் ஏதோ இடர் நேர்ந்திருக்கலாம் என்று ஊகிக்கத் தோன்றுகிறது. கல்வெட்டு காரணம் சொல்லவில்லை. அடுத்து, நிலத்தகுதியில் ஒரு தளர்வு. ஒரு வேதத்திலும் நான்கு பாஷ்யங்களுள் ஒன்றிலும் வல்லவராயின் அரைக்கால் வேலி நிலம் இருந்தாலே போதும். சொத்துக் குறைவைக் கல்வியால் ஈடுகட்டிக்கொள்ள ஒரு வாயில் திறக்கப்படுகிறது.

மற்றெல்லாவற்றையும்விட அழுத்தமான மாற்றம் கணக்கைப் பற்றியது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்குக் குடவோலையில் இடமில்லை என்கிறது புதிய விதி. அதோடு நிற்கவில்லை. சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயோடு பிறந்தவர், தந்தையோடு பிறந்தவர், தன்னோடு பிறந்தவர், பெண் கொடுத்த மாமனார், மனைவியோடு பிறந்தவர், உடன்பிறந்தாளை மணந்தவர், உடன்பிறந்தாளின் மக்கள், மருமகன், தந்தை, மகன் என்று கணக்குக் காட்டாதவரின் சுற்றம் முழுவதையும் பெயர் சொல்லி விலக்குகிறது. பழைய விதியில் 'நெருங்கிய உறவினர்' என்று பொதுப்பட இருந்ததற்கு, கணக்குக் காட்டாதவர் விஷயத்தில் இப்படி ஒரு பட்டியல் ஏன் வந்தது? 'மைத்துனன் எப்படி நெருங்கிய உறவாவான்?' என்று யாரோ ஒருவர் சபையில் எழுந்து வாதாடியிருக்க வேண்டும் என்று எண்ணிக்கொள்வதில் தவறில்லை. சந்து விடாமல் அடைப்பவன், அந்தச் சந்தில் யாரோ நுழைந்ததைப் பார்த்தவனாகத்தான் இருப்பான்.

பிறர் பொருளைக் கவர்ந்தவரும் மாபாதகம் செய்தவரும் விலக்கப்படுகின்றனர். பிராயச்சித்தம் செய்து தூய்மை பெற்ற சிலருக்கும்கூட, உயிருள்ளவரை வாரியத்துக்குத் தடை நீடிக்கிறது. பாவம் கழுவப்படலாம், பொதுப் பொறுப்புக்கான தகுதி அப்படித் திரும்பி வருவதில்லை. இந்த வேறுபாட்டை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊர்ச்சபை இவ்வளவு தெளிவாக உணர்ந்திருந்தது என்பதே நம்மை வியக்கவைக்கிறது.

இவ்வளவும் முடிந்த பிறகே குடம் வருகிறது. ஒவ்வொரு குடும்பின் ஓலைகளும் தனித்தனிக் கட்டாக, எந்தக் குடும்பு என்று காட்டும் வாயோலை பூட்டிக் குடத்தில் இடப்படுகின்றன. சிறியோரும் பெரியோருமாக மகாசபை கூடியிருக்க, ஊரிலுள்ள நம்பிமார் ஒருவரும் ஒழியாமல் உள்மண்டபத்தில் அமர்கின்றனர். அவர்களில் மூத்தவர் எழுந்து எல்லாரும் காணும்படி குடத்தை உயர்த்திப் பிடிக்கிறார். ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுக்கிறான். அது வேறொரு குடத்தில் கொட்டிக் குலுக்கப்பட்டு, அதிலிருந்து ஓர் ஓலை எடுக்கப்படுகிறது. அந்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் ஏற்றுப் படிக்க வேண்டும். பின்னர் நம்பிமார் அனைவரும் அதை வாசிக்க வேண்டும். விரல்கள் விரிந்திருக்க வேண்டும் என்பது வரை எழுதிவைத்தவர்கள், மூடிய கைக்குள் என்னவெல்லாம் நடக்கும் என்று நன்கு அறிந்தவர்கள்.

குடும்புக்கு ஒருவராகக் கிடைக்கும் முப்பது பேரில் பன்னிருவர் சம்வத்சர வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். சம்வத்சர வாரியத்துக்கு, முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்களும் கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவர்களுமே உரியவர். பொன் வாரியமும் பஞ்சவார வாரியமும் தனியே அமைக்கப்படும். வாரியப் பணி 360 நாள். பிறகு ஓய வேண்டும். இடையில் குற்றம் கண்டால் அப்போதே நீக்கம். மின்வாரியம், வீட்டுவசதி வாரியம் என்று நாம் இன்றும் வழங்கும் சொல்லின் பழைய வாழ்க்கை இது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். குடவோலை வாக்கெடுப்பு அன்று, திருவுளச்சீட்டு. பழைய ஏதென்ஸ் நகரிலும் ஐந்நூற்றுவர் அவை சீட்டின் வழியாகவே அமைந்தது. இறுதித் தெரிவைத் தற்செயலிடம் ஒப்படைத்துவிட்டால், மனிதர்கள் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை முழுவதும் அதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுகிறது. யாருடைய பெயர் ஓலையில் ஏறலாம் என்பதே தேர்தலின் உயிர்நிலை ஆகிவிடுகிறது. இரண்டாம் கல்வெட்டின் பெரும்பகுதி விலக்கப்படுவோரைப் பற்றியதாக இருப்பதன் காரணம் இதுவே.

இத்திருத்தம் சபையின் சொந்த முடிவா, அரசனின் ஆணையா? இரண்டு முறையும் அரசனின் திருமுகம் வந்திருக்கிறது. அரச அதிகாரி ஒருவர் சபையோடு உடனிருந்திருக்கிறார். முதல் முறை தத்தனூர் மூவேந்தவேளான். அடுத்த முறை சோழநாட்டிலிருந்து வந்த சோமாசிபெருமான். ஆகவே முற்றிலும் தன்னிச்சையான ஊராட்சி என்று கொண்டாடவும் இயலாது. ஆனால் விதி செய்ததாகக் கல்லில் பேசுவது 'நாங்கள்' என்னும் சபையே. தீயவர் கெட்டு நல்லவர் தழைப்பதற்காகவே இவ்வியவஸ்தை என்று நோக்கத்தையும் அது சொல்லிவிடுகிறது.

பெருமிதத்தோடு மறக்கக்கூடாத மறுபக்கமும் உண்டு. இது நிலமுடைய, வேதம் கற்ற அந்தண ஆடவரின் சபை. தோட்ட வாரியம் பார்த்துக்கொண்ட தோட்டங்களில் உழைத்தவர்கள், ஏரி வாரியத்தின் பொறுப்பிலிருந்த வயிரமேக தடாகத்தில் தூர் அள்ளியவர்கள், அந்த நீரில் விளைந்த நெல்லைக் குற்றிய பெண்கள் ஆகியோரின் பெயர்கள் எந்தக் குடத்துக்குள்ளும் போகவில்லை. விலக்கப்பட்டோர் பட்டியலில்கூட அவர்கள் இல்லை. விலக்க வேண்டும் என்ற எண்ணமே எழாத தொலைவில் அவர்கள் நிறுத்தப்பட்டிருந்தனர். 'முதல் மக்களாட்சி' என்னும் முழக்கம் விழுங்கிவிடுவது இவர்களைத்தான்.

அவர்களுக்கான விதித் திருத்தம் வரப் பல நூற்றாண்டுகள் ஆயின. 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் ஊராட்சிகளில் இட ஒதுக்கீடு சட்டமானது. பெண்களின் பங்கு 2016-இல் பாதியாக உயர்த்தப்பட்டது. தேர்தல் செலவுக் கணக்கை ஒப்படைக்காத வேட்பாளரைத் தகுதிநீக்கம் செய்ய இன்றைய சட்டத்திலும் இடமுண்டு. உத்தரமேரூரின் குரல் இங்கே மெலிதாகக் கேட்கிறது. ஆனால் மைத்துனனையும் மருமகனையும் தடுக்கும் துணிவு எந்தப் புதிய சட்டத்துக்கும் வரவில்லை.

விதிகள் இருப்பதால் மட்டும் தேர்தல் நடந்துவிடுவதில்லை என்பதற்கும் நம் காலமே சாட்சி. தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்கு 1970-இல் நடந்த தேர்தல், அடுத்து 1986-இல்தான் நடந்தது, அதற்கடுத்து 1996-இல். 2016-இல் அறிவிக்கப்பட்ட உள்ளாட்சித் தேர்தல் நீதிமன்றத்தால் நிறுத்தப்பட, ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் நடத்தினர். பெரும்பாலான மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடைபெற்றது. 360 நாள் முடிந்தால் ஓய்ந்தாக வேண்டும் என்று கல்லில் வெட்டியவர்கள் இதை எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்று தெரியவில்லை.

உத்தரமேரூருக்குச் செல்லும் நண்பர்கள் அந்தச் சுவரின் முன் சற்று நேரம் நிற்கட்டும். முதலில் எழுதியது போதாது என்று ஒப்புக்கொண்டு, அதே சுவரில் இரண்டாம் முறையும் எழுதிய ஒரு சபையின் கையெழுத்து அது. பழைய விதியை அவர்கள் செதுக்கி அழித்துவிடவில்லை. எது போதாமல் போயிற்று, எது திருத்தப்பட்டது என்ற இரண்டையும் பின்வருவோர் படித்துக்கொள்ளலாம்.